கரை தெரியும் நீர்

வட்டுவாகல் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள் ராக்கேல்.
எலும்புகளை அளக்க வந்தவள், புவனஸ் ஐரிஸ்காரி.
நான் அவளுக்கு மொழிபெயர்ப்பு.
நாளுக்கு ஆறாயிரம், மதியச் சாப்பாடு தனி.

மாரிக்கு முந்தின மாதம்.
நந்திக்கடல் வற்றி முழங்காலளவு கிடந்தது.
வலைக்காரர் நடந்தே போனார்கள்.

"யூதச் சட்டத்தில் ஒரு வழக்கு உண்டு" என்றாள்.
"தண்ணீரில் விழுந்தவன் திரும்பவில்லை.
அவன் மனைவி விதவையா?
சுற்றிவரக் கரை தெரிகிற நீர் என்றால்,
உயிர் போகும் நேரம்வரை ஒருவர் பார்த்து நின்றால்,
அவன் செத்தான், அவள் போகலாம்.
கரை தெரியாத நீர் என்றால்
அவள் காத்திருக்க வேண்டும்."

இந்த நீருக்குக் கரை தெரிகிறதா என்று
அவள் கேட்கவில்லை.
நான் பார்த்தேன். தெரிந்தது.
அந்த மே மாதத்துப் புகைக்குள் தெரிந்திருக்காது.

அவளுடைய தகப்பன் ரபி இலியாசர் பெஹார்.
ஐரோப்பாவின் சாம்பலிலிருந்து
பெண்களின் கடிதங்கள் மூட்டையாய் வந்த வருடங்களில்
அவர் நீதிபதி.
மற்ற வழக்குக்கெல்லாம் இரண்டு சாட்சி வேண்டும்,
இதற்கு ஒன்று போதும்.
பெண் சொன்னாலும் போதும்.
ஆள் தெரியாமல் மலையிலிருந்து ஒரு குரல்
"இன்னான் இறந்தான்" என்று சொல்லக் கேட்டிருந்தாலும் போதும்.
கட்டு அவிழ்க்க ஒரு வரி அகப்படாதா என்று
கிழிந்த ஏடுகளைத் துழாவிய மனிதர்.
கையெழுத்திடும் நாளில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்.
நள்ளிரவில் செருப்பைக் கழற்றி
வாசற்படியோரம் நிலத்தில் குந்தி
நெற்றியில் சாம்பல் வைத்து அழுவார்:
கடவுளின் ஒரு பாதி வீடிழந்து தெருவில் திரிகிறதாம்.

திருநீறு என்று மனதில் பெயர்த்துக்கொண்டேன்.
பிறகு அழித்தேன். அது அதல்ல.

நவமலர் வீட்டில் பிளாஸ்ரிக் கதிரை இரண்டு.
மரணப் பதிவுப் படிவம் மேசையில், சீனிப்போத்தல் அதன்மேல்.
"கையெழுத்து வைத்தால் காசு வரும்" என்று
ஆர் ஆரோ வந்து சொன்னார்களாம்.
விமலேந்திரனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
உயிரோடு கண்டவள் அவள்.
பஸ்ஸில் ஏற்றினதையும் கண்டவள்.

ராக்கேல் தகப்பனின் கதையைச் சொன்னாள், நான் சொன்னேன்.
அப்படிப்பட்ட பெண்ணுக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்,
அதன் வேரில் நங்கூரம் கிடக்கிறது:
நங்கூரமிடப்பட்டவள்.

கடற்கரைக்காரி சிரித்தாள்.
"நங்கூரம் அறுந்த வள்ளம் எங்க போகுமெண்டு
உங்கட ஐயாவுக்குத் தெரியுமோ?
என்னை ஆரும் அவிழ்க்க வேண்டாம்."

பேர்த்துச் சொன்னேன்.
ராக்கேல் நெடுநேரம் கொப்பியை மூடித் திறந்தாள்.
அப்படியும் ஒருத்தி எழுதியிருந்தாளாம், சலோனிக்காவிலிருந்து:
கையெழுத்திட வேண்டாமென்று.
அந்தக் கடிதத்துக்கு மட்டும் அவர் பதில் போடவில்லை.
செத்த பிறகு, தொழுகைச் சால்வைப் பைக்குள் அது கிடந்தது.

நவமலர் தேத்தண்ணியை நீட்டினாள்.
"ஐயா செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்ணை மூடிவிட்டது நான்தான்."

"குடுத்துவைச்சனீங்கள்."

அந்த ஒரு சொல்லை
வவுனியா போய்ச் சேரும்வரை
நான் மொழிபெயர்க்கவில்லை.
ராக்கேலும்
என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.