ஏழாம் எண் பேருந்து, தலைநகரான ஆண்டில்

நடுவர்கள் வந்த வாரம்
ரயிலடியிலிருந்து நகரமன்றம் வரை
வீடுகளுக்கு மஞ்சள் பூசினார்கள்,
இரண்டாம் மாடி மட்டும்.
அதற்கு மேலே யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள் என்று
மேயர் கணக்குப் போட்டிருந்தார்.

அவர்களை ஏற்றிப்போனது நான்தான்.
ஐவரில் ஒருத்திக்குத் தும்மல் வந்தது.
தலையைப் பின்னால் சாய்த்தவள்
சாய்த்தபடியே இருந்தாள், நான்கு நிறுத்தங்களுக்கு.
இறங்கும்போது ஒன்றும் சொல்லவில்லை.
ஆனாலும் பட்டம் கொடுத்தார்கள்.

டான்யூப் கரையில் எவருக்கும் தெரியாத ஊர்
ஓராண்டுக்குப் பண்பாட்டுத் தலைநகர்.
கூடவே இன்னொரு நாட்டில் இன்னோர் ஊரும்.
அதன் பெயர் கடைசிவரை
எங்கள் வாயில் நுழையவில்லை.

மூடிக்கிடந்த சர்க்கரை ஆலையைத் திறந்தார்கள்.
என் கணவன் யாவோர்
பத்தொன்பது வருடம் மூட்டை தூக்கிய கிடங்கில்
போர்ச்சுகல்காரி ஒருத்தி
மூன்று மணி நேரம் மூட்டை தூக்கிக் காட்டினாள்.
எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
யாவோரும் தட்டினான்.
"முதுகை வளைக்கத் தெரியவில்லை,
ஆனால் ஏமாற்றவில்லை" என்றான்
வீட்டில், பீன்ஸ் சூப்பை ஊதிக்கொண்டே.

எனக்குக் கிடைத்தது நள்ளிரவு.
ஒன்பது பத்துக்கு அடங்கிவிடும் ஏழாம் எண்
அந்த ஆண்டு பன்னிரண்டு வரை ஓடியது,
நாடகம் விட்டு வரும் கூட்டத்துக்காக.
கூட்டம் டாக்சியில் போனது.
என் வண்டியில் ஏறியவர்கள்
மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண்கள்.
ஏறியதும் கண்ணாடிகளில் ஆவி படியும்,
சோப்பு மணக்கும்.
லியூத்மிலா எதிர் இருக்கையில் காலை நீட்டிக்கொள்வாள்.
விதிப்படி கூடாது.
நான் கண்ணாடியைத் திருப்பிவைத்துக்கொள்வேன்.
பதினொரு வருடமாகப் பாலத்தைக் கடந்து
நடந்தே வீடு போனவளாம்.
அதே ஊரில் பேருந்து ஓட்டுகிற எனக்கு
அது அந்த ஆண்டில்தான் தெரிந்தது.

அக்டோபரில் கணக்கெடுக்க ஒரு பையன் ஏறினான்.
"இன்று என்ன பண்பாட்டு நிகழ்வில் பங்கேற்றீர்கள்?"
"நூற்று நாற்பது படுக்கை விரிப்பு" என்றாள் லியூத்மிலா.
அவன் சிரிக்கவில்லை, பாவம்,
திரையில் கட்டம் தேடித் தேடி
கடைசியில் 'இதர' என்பதைத் தொட்டான்.

டிசம்பர் கடைசி இரவு வாணவேடிக்கை.
மேடையில் எங்கள் மேயர்
யாரோ ஒரு மேயரிடம் கொடியைக் கொடுத்தார்.
கொடுத்த பின்னும் கை
கொஞ்ச நேரம் கம்பைப் பிடித்திருந்தது.

ஜனவரியில் பதாகைகள் இறங்கின.
மஞ்சள் அங்கங்கே உரிகிறது.
ஆலைக்குப் பூட்டு புதிது.
நிறுத்தத்து அட்டவணையில்
ஒன்பது பத்துக்குக் கீழே உள்ளதையெல்லாம்
வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தார்கள்.
மலிவான தாள்.
பின்னால் விளக்கு எரிந்தால் எண்கள் தெரிகின்றன.

நேற்று பதினொன்றரைக்கு
லியூத்மிலா அங்கே நின்றிருந்தாளாம்.
பேருந்துக்கு இல்லை,
தாள் எவ்வளவு மெல்லிசு என்று பார்க்க,
என்று சொன்னாள்.
நான் நம்பவில்லை.
பணிமனைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.