நாற்பத்தொரு நடை

ஊரின் பெயர் காலி.
சிரிக்க வேண்டாம், உச்சரிப்பு அப்படித்தான்.
மேற்கு ஆஸ்திரேலியா, பெர்த்துக்குத் தெற்கே,
நிலக்கரி தீர்ந்த குழியை மூடிக் காடாக்கும் வேலை.
என் பொறுப்பு மேல்மண்:
எந்தக் குவியலிலிருந்து எத்தனை நடை,
எந்தச் சரிவில் கொட்டியது,
லாரி எண், நேரம், கையெழுத்து.
கையெழுத்து என்னுடையது.

ஐந்தாம் வருடம் ஜாரா கன்றுகள் தலைக்கு மேல் போயின.
ஹெக்டேருக்கு ஆயிரத்து முந்நூறு கேட்டார்கள்,
ஆயிரத்து நானூற்றுப் பதினாறு நின்றது.
கறுப்புக் காக்கட்டூ ஒன்று வந்து
ஹேக்கியாக் காயைப் பிளந்து துப்பிவிட்டுப் போனது,
அதையும் படம் எடுத்துச் சேர்த்தோம்.
அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சை.

அந்த வாரம்தான் ரேலீன் வந்தாள்,
நூங்கார் மக்கள் சார்பில் பார்வையிட.
மரங்களைப் பார்க்கவில்லை.
ஓடையின் கீழ்க்கரையில் குந்தி ஒரு பிடி அள்ளி,
விரலை விரித்து,
"இது இங்கத்து மண் இல்லையே" என்றாள்.

சிட்டைகளைப் புரட்டினேன்.
ஜூன் பதினேழு, பதினெட்டு. மழை.
மேற்குக் குவியலுக்குப் போகும் பாதை சகதி.
அருகிலிருந்ததை அள்ளிக்கொண்டு
ஓடையைத் தாண்டி வந்து கொட்டியிருக்கிறோம்,
நாற்பத்தொரு நடை.
அதே செம்பழுப்பு, அதே சரளை.
ஆய்வகத்துக்கு இரண்டும் ஒன்று.

"அந்தப் பக்கமே திரும்பப் போகணும்."
"ஏன்?" என்றார் மேலாளர் ட்ரெவர்.
"சொல்ல முடியாது."
"தெரியாதா? சொல்ல மாட்டீர்களா?"
"தெரியும். அது உங்களுக்கானது இல்லை."

ட்ரெவர் திரையைக் காட்டினார்.
'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தால்
கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாதாம்.

எனக்கு வாசலில் இருக்கும் கழுவுமேடை நினைவுக்கு வந்தது.
ஜாராவின் வேரை அழுகவைக்கும் பூஞ்சையை
நான் கண்டதில்லை, ட்ரெவரும் கண்டதில்லை.
ஆனாலும் ஒவ்வொரு வண்டியும் நின்று
டயர் இடுக்கைப் பல் குத்துவதுபோல் குத்திக்
கழுவிய பிறகே உள்ளே வரும்.
பூஞ்சைக்குப் பயந்து ஒரு சிட்டிகை மண்ணுக்குக் காவல்,
இவள் சொன்னால் மட்டும் ஆதாரம் கொண்டா.
சொன்னேன். ஆங்கிலத்தில் அவ்வளவு காரமாக வரவில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்று.
நெய்வேலியில் எங்கள் ஊர் குழிக்குப் போன அன்று
வீரனாருக்குப் பிடிமண் எடுக்க
அரைமணி கேட்டார் சித்தப்பா.
நில எடுப்பு அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
எதற்கென்று கேட்கவில்லை,
இயந்திரத்தை அணைக்கச் சொன்னார்.
வயல் போனதற்கு அவரை இன்றும் திட்டுகிறோம்,
திட்டத்தான் வேண்டும்.
அந்த அரைமணியை யாரும் பேசுவதில்லை.

கடைசியில் ட்ரெவர் அந்தக் கட்டத்தில்
ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்.
கணினி அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

பிப்ரவரி, ரேலீனின் நாட்காட்டியில் புனுரு.
தரை கொதித்தது.
கன்றுகளைப் பிடுங்க வேண்டியிருந்தது,
நான் எண்ணிக் கணக்கில் ஏற்றிய கன்றுகள்.
ஒவ்வொன்றின் வேரையும் அவள் உதறினாள்
கடைசி மண் உதிரும்வரை.
கை கடுத்தது, இடையில் நிறுத்தித் திரும்பத் தொடங்கினாள்.

நாற்பத்தொன்று தேறவில்லை.
கரைந்தது, பறந்தது போக
முப்பத்தாறு நடை.
"மீதி ஐந்து?" என்றேன்.
பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.
தண்ணீர் குடித்தாள்,
ஓடையைக் கடந்து அந்தப் பக்கம் போய்
பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினாள்.

நானும் போனேன்.
இடது பூட்ஸில் கொஞ்சம் இருந்தது.