அரைப்பேர்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மருந்துக்கடை மாடியில் நாங்கள் இரண்டு பேர்,
ஒரு டொங்கிள், ஒரு ஹீட்டர்.
ஹீட்டரைப் போடுவதில்லை.
செய்வது பூமிக்கான செயலி, விரல் விறைத்தாலும்.

சந்துனி நிறங்களைப் பார்த்துக்கொள்வாள்.
நான் கணக்கு எழுதுவேன்.
நடந்து போனால் பத்துப் புள்ளி.
பொலித்தீன் பை மறுத்தால் ஐந்து.
ஐந்து நிமிடத்துக்குள் குளித்தால் எட்டு.
ஏழு நாள் விடாமல் செய்தால்
திரையில் ஒரு செடி தளிர்க்கும்.
ஒரு நாள் விட்டால் வாடி, பூச்சியம்.

புள்ளிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று
கொழும்பிலிருந்து கேட்டார்கள்.
அவர்களே சொன்னார்கள், கொழுந்து என்று.
அழகாயிருக்கு என்றாள் சந்துனி.
மடுவத்துத் தராசடியில் வளர்ந்த நானும்
தலையாட்டினேன்.

பரீட்சிக்க இருபது பேர் தேவை.
பத்தொன்பது பேர் டவுனிலேயே கிடைத்தார்கள்.
இருபதாவது ஆள் ரொசலின் அக்கா,
மேல் டிவிசன், ஏழாம் லயம்.
மகனுடைய பழைய போன், முகமெல்லாம் விரிசல்.
மாதா கெபிக்கு மேலே பாறையில் ஏறினால்தான்
இரண்டு கோடு சிக்னல்.

முதல் நாளே எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டாள்.
வாகனத்தில் போனீர்களா? இல்லை.
ஏசி? இல்லை.
இறைச்சி? சம்பளம் வரட்டும்.
ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தீர்களா?
நேற்று ஆறு மணி நேரம் இருந்தோம்,
மிச்சம் ஐந்தை எங்கே எழுதுவது?

யாரோ களவு விளையாடுகிறார்கள் என்று
சந்துனி சேர்வரைத் துருவினாள்.
களவில்லை.
நாங்கள் எழுதிய கடைசிக் கட்டம்
அவளுடைய சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

அன்று மாலை போன் எடுத்தாள்.
"முன்னூறு கொழுந்துன்னு காட்டுது தங்கச்சி.
இதுலயும் தண்ணிக் கழிவு வெட்டுவீங்களா?"
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
சந்துனிக்கு மொழிபெயர்க்கப் போய்
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

எட்டாம் நாள் அவள் வரவில்லை.
ஒன்பதாம் நாளும்.
நான் எழுதிய நிரல் நான் சொன்னதைச் செய்தது:
செடியை வாட்டியது, கண்ணீர் வைத்தது,
"தவறவிட்டீர்களே!" என்று செய்தி அனுப்பியது.
சின்னவளுக்கு நெஞ்சுச் சளி,
டிக்கோயா ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள்
இரண்டு இரவு உட்கார்ந்திருந்தது
என் நிரலுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"அரைப்பேர் போட்டுட்டீங்களே" என்றாள்.
கோபமில்லாத குரல். அதுதான்.
நாள் முழுக்க மலையில் நின்று
நிறை ரெண்டு கிலோ குறைந்ததற்கு
செக்ரோலில் பாதியாய் நறுக்கின பேரை
அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்களில்
இப்படித்தான் சொல்வாள், சும்மா ஒரு தகவல் மாதிரி.
அந்தத் தராசையே நான் வேறொரு மொழியில்
முள் பிசகாமல் எழுதியிருக்கிறேன்.

இரவு நாற்பத்து மூன்று வரி அழித்தேன்.
தொடர்ச்சி போனது. கண்ணீர் போனது.
கொழுந்து வெறும் புள்ளியானது.
ஐந்து நிமிடக் குளியலையும் எடுத்தேன்.
பதினொரு வீட்டுக்கு ஒரு பீலி உள்ள இடத்தில்
அது கேள்வியே இல்லை.
அதை பங்களாவுக்கும் ஹோட்டலுக்கும் திருப்பிவிட்டேன்,
குளியல் தொட்டி எத்தனை லீட்டர் என்று சேர்த்து.

"அக்கா, நீங்க ஒரு கேள்வி சொல்லுங்க, போடுறேன்."
பாறையில் காற்று இரைந்தது.
லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.
"மூணு நாளா பீலியில தண்ணி வரல்ல.
அதுக்கு யாருக்கு மைனஸ்?"

வியாழக்கிழமை கொழும்புக்காரர்களுக்குக் காட்ட வேண்டும்.
எடுத்துவிடு, கேட்பார்கள் என்கிறாள் சந்துனி.
கேட்கட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை,
வாடகை இரண்டு மாதம் பாக்கி.
பெட்டியில் ஒரு பெயர் எழுதினேன், அழித்தேன்.
இன்னொன்று எழுதினேன், அழித்தேன்.

காலியாகவே விட்டேன்.
பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் மட்டும் வைத்தேன்:
இதை நிரப்பாமல்
அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.