சத்தத்துக்கு ஓர் அட்டை

இரண்டு பிளாஸ்டிக் கூடைகள்.
பச்சை தேவைக்கு, ஆரஞ்சு ஆசைக்கு.
நடுவில் தரையில் கொட்டிய பட அட்டைகள்.
கேஜி டூ, பி செக்‌ஷன், ஷார்ஜா.

தண்ணீர் பச்சைக்குப் போனது. சோறும்.
செருப்பைத் தூரத்திலிருந்தே வீசினான் ஹம்தான்,
குறி தப்பவில்லை.
ஏ.சி.யை ஆசையில் போட்டிருந்தது
எந்தக் குளிர்நாட்டிலோ அச்சான என் கையேடு.
"ஆகஸ்ட்ல வந்து சொல்லச் சொல்லுங்க மிஸ்"
என்றாள் நுஸைபா.
மாற்றி வைத்தோம்.

டேப்லெட்டுக்கு அடிதடி.
"அதுக்குள்ளதான் எங்க அக்கா இருக்கா"
என்று ஒருத்தி அழுதுவிட்டாள்.
அக்கா நாகர்கோவில் ஹாஸ்டலில்.
அந்த அட்டை
இரண்டு கூடைக்கும் நடுவிலேயே கிடந்தது.

ரெஷ்வின் எதையும் எடுக்கவில்லை.
வெற்று அட்டை கேட்டான்.
ஒரு வட்டம், அதற்குள் கறுப்பாய் இன்னொரு வட்டம்.
டயரா? தோசைக்கல்லா?
"வாய், மிஸ்."
சாப்பிடவா?
"கத்த."

ரோலாவில் ஒற்றை அறை, குறுக்கே பூப்போட்ட திரை.
அந்தப் பக்கம்
விடியவிடியச் சரக்கு ஏற்றிவிட்டு வந்து
மாலைவரை தூங்கும் அப்பா.
இந்தப் பக்கம் பேட்டரி கழற்றிய கார்கள்,
டிவியில் வாயை மட்டும் திறக்கும் புலி,
ஒரு கை ஊட்ட, மறு கை விரலை
உதட்டிலிருந்து எடுக்காத அம்மா.
புகாராகச் சொல்லவில்லை.
ஃபிளாட் நம்பர் சொல்வதுபோலச் சொன்னான்.

கையேட்டைப் புரட்டினேன்.
உணவு, உடை, உறைவிடம், உறக்கம்.
உறக்கம் இருந்தது.
அது அவன் அப்பாவுடையது.
ஒருவர் தேவைமேல் இன்னொருவர் தேவை
கால்நீட்டிப் படுத்திருப்பதற்குப்
படம் இல்லை.

பதினோரு மணி வெயில்.
நிழல்வலைக்கு அடியில்
இருபத்தாறு பேரையும் நிறுத்தி
"ம்" என்றேன்.
காக்கைகள் கிளம்பின. வாட்ச்மேன் ஓடிவந்தார்.
மாடியில் ஒரு ஜன்னல் திறந்து,
என்னைப் பார்த்து, மூடியது.

ரெஷ்வின் வாயைத் திறந்தான்.
ஒன்றும் வரவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது
புரண்டு படுக்கிறார்களா என்பதுபோல்
திரும்பிப் பார்த்தான்.
மறுபடி திறந்தான்.
மூன்றாம் முறை, அடைத்த குழாயில் முதலில் காற்று வருமே,
அப்படி ஒன்று.
பிறகு நிறுத்தவே முடியவில்லை அவனை.
நான் நிறுத்தவும் இல்லை.

பேருந்துக்கு வரிசை கட்டும்போது
அட்டையை நீட்டி, வீட்டுக்குக் கொண்டு போறியா என்றேன்.
யோசித்தான்.
"வேணாம் மிஸ்.
அது இங்கயே கத்தட்டும்."

கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி
அலமாரியில் வைத்தேன்.
நாளைய பாடம்: பல் துலக்குவது எப்படி.