கூட்டாத பக்கம்

ஏழு பேர்ச் காணி.
வீடும் கக்கூசும் போக மிச்சம் மூன்று, மூன்றரை.
முன்பக்கம் கூட்டுவேன்,
பீலிக்கரை வரைக்கும் கூட்டுவேன்,
பின்பக்கத்தை விட்டுவிடுவேன்.
கொய்யாவும் பேரியும் உதிர்த்ததெல்லாம்
அங்கேயே கிடந்து கறுக்கும்.
கால் வைத்தால் மெத்தென்று உள்வாங்கும்.

சோம்பேறி என்கிறாள் அந்தோணியம்மாள்,
வேலிக்கு அப்பால் நின்று.
அவள் பக்கம் சவரம் செய்த கன்னம் மாதிரி.
இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐப்பசி எட்டோ ஒன்பதோ.
ஸ்டோரில் இரவு வேலை முடிந்து
காதுக்குள் தேயிலைத் தூசியோடு
படியேறி வருகிறேன், கேட்டது.
இரண்டே சத்தம்.
ஒன்று கேட்பது போல,
மற்றது தானே பதில் சொல்லிக்கொள்வது போல.
தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டவில்லை.
குசினி யன்னலை ஒரு சாண் திறந்து நின்றேன்.

வந்துவிட்டது ஆறுமணிக்குருவி.
சருகை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறது,
அடகுக்கடைக்காரன் நகையைப் புரட்டுவது போல
நம்பிக்கையில்லாமல்.
பச்சை முதுகு, வாலடியில் குங்குமம்,
கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி,
வால் மட்டும் துணி போதாமல் விட்டது மாதிரி.
மண்புழு ஒன்றை இழுத்தது. புழுவும் இழுத்தது.
வடக்கில் எங்கேயோ குஞ்சு பொரித்து
கடல் தாண்டி
இந்த மூன்று பேர்ச் சருகுக்கு வந்திருக்கிறது.
போன வருடம் வந்ததுதானா, தெரியாது.
இடது காலைச் சற்று இழுத்து வைப்பதைப் பார்த்து
அதேதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

கார்த்திகையில் டெங்கு நோட்டீசோடு
பீ.எச்.ஐ. வந்தார். நிஸ்ஸங்க என்று பெயர்.
காலுறைக்குள் ஏற்கெனவே இரண்டு அட்டை.
உப்புக் கொடுத்தேன்.
அந்தோணியம்மாள் வேலியடியிலிருந்து
பின்பக்கத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.
உடைந்த ஆட்டுக்கல்லில் மழைத்தண்ணீர்.
டோர்ச் அடித்துக் குனிந்தார்:
கறுப்புக் காற்புள்ளிகளாய் வாற்பேத்தைகள்
கல்லோரத்தில் கூடிக் கிடந்தன.
நுளம்புப் புழு இருந்தால் இதுகள் தின்றுவிடும் ஐயா என்றேன்.
புத்தகத்தில் அப்படி இல்லையே என்றார் பாதித் தமிழில்.
பேனாவை எடுத்தார். பெயர். காணி இலக்கம்.
வீட்டில் எத்தனை பேர்?

மூன்று என்று சொல்லி முடிக்கவில்லை,
கொய்யா அடியில் அந்த இரண்டு சத்தம்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ஐந்து நாற்பது.
மூடுபனி இறங்கினால் அதற்கு ஆறு மணி என்றேன்.

அவிச்சியா! என்றார்.
முகமே மாறிவிட்டது மனிதனுக்கு.
உடுப்பை இரவல் வாங்கிய மயில்
திருப்பித் தரவில்லையாம்,
அதைச் சொல்லித்தான் வருடாவருடம் கத்துகிறதாம்.
அவர் ஊர் மொனராகலை.
மொனர என்றால் மயில்.
கள்ளன் எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறான்
என்று சிரித்தார்.
சிரிப்புச் சத்தத்துக்குக் குருவி போய்விட்டது.

ஆனாலும் எழுதிக் கிழித்துத் தந்தார்:
ஆட்டுக்கல்லைப் பதினான்கு நாளில் கவிழ்க்கவும்.
பதினான்கு நாளில் அதுகளுக்குக் கால் முளைத்துவிடும்.

மாசியில் வண்ணத்துப்பூச்சி.
கீழே மஸ்கெலியாப் பாதையில்
சிவனொளிபாதமலைக்கு யாத்திரை பஸ்கள் ஹோர்ன் அடிக்க,
மேலே அவை
யாரையும் முந்தாமல்
கூரைத் தகரத்துக்கு ஒரு முழம் மேலாக
மலையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தன,
வெள்ளை, வெளிர்மஞ்சள், மறுபடி வெள்ளை.
சில என் வேலி உண்ணிப்பூவில் ஒரு மிடறு இறங்கின.
துணி காயப்போட வந்த அந்தோணியம்மாள்
வாளியோடு அரைமணி நேரம் நின்றாள்.
சோம்பேறி என்றேன்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள்
படியேறி வருகையில் சத்தமில்லை.
மறுநாளும் இல்லை.
கடைசியாகப் புரட்டிய இடம்
உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாய்க் கிடந்தது.

பின்பக்கம் லீக்ஸ் போடலாமே என்கிறார் இவர்.
பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு
முன்வாசலில் கூட்டி அள்ளிய சருகைக்
கொண்டுபோய்ப் பின்னால் கொட்டினேன்.