நாற்பதாவது ஆள்

கட்டணப் பலகையில் மூன்றே வரி:
உள்ளூர், வெளிநாடு,
நாற்பது பேர் சேர்ந்து வந்தால் பாதி.
மிச்சமெல்லாம் கூண்டுக்குள் இருக்கிற என் தலையில்.

சேனையூர்ப் பிள்ளைகள் முப்பத்தேழு,
பவளராணி ரீச்சரோடு முப்பத்தெட்டு.
சில்லறைப் பையை அவிழ்த்துக் கொட்டி
இரண்டு தரம் எண்ணினா.
காசும் ஆளும் குறைந்தபடியே இருந்தன.
டிரைவர் வரமாட்டாராம். டயரில் காற்று இறங்குதாம்.

பின்னால் ஒரு சோடி, கனடாக் கடவுச்சீட்டு.
"அடையாள அட்டை?" என்றேன்.
பிறந்த இடம் என்ற வரியை
விரலால் தட்டிக் காட்டினார்: திருகோணமலை.
என் பலகையில் அந்த வரி இல்லை, ஐயா.

ரீச்சர் திரும்பிப் பார்த்தா.
"இவங்களும் எங்கட ஆக்கள்தான். நாற்பது போடுங்கோ."
மூன்று முகத்தையும் ஒருக்கால் பார்த்தேன்.
கடற்காற்றில் பற்றுச்சீட்டுப் புத்தகம்
படபடவென்று அடித்தது.
போட்டேன்.

நாலரைக்கு வாசலில் தலை எண்ணல்.
முப்பத்தொன்பது.
இன்னொரு தரம். முப்பத்தொன்பது.
பஸ் ஹோர்ன் அடிக்குது,
ஜூஸ் கொட்டின பெடியன் அழுகிறான்.
"விட்டிட்டுப் போவம் ரீச்சர்,
அந்த அங்கிள் எங்கட பள்ளிக்கூடமே இல்லை."
"என்ர கணக்கில ஒரு ஆள் குறையுது" என்றா.
நகரவில்லை.

பீரங்கி மேட்டிலிருந்து இறங்கி வந்தார்,
மெதுவாக, காலுறை முழுக்க ஒட்டுப்புல்.
இத்தனை பேரும் நிற்பது தனக்காக என்று
விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

வரிசையின் கடைசியில் போய் நின்று
கையை உயர்த்தினார்.