கறுப்பு வயர்

என் இஸ்வாராவின் வானொலியில்
வயலின் வரும், தபேலா வரும்,
இடது கதவிலிருந்து ஒரு புல்லாங்குழல்கூட வரும்.
பாடுகிறவர் மட்டும் வரமாட்டார்.

ஏழு மணிச் செய்திக்கு
முன்னிசை முழங்கும். அப்புறம் ஒன்றுமே இல்லை.
ஐந்து நிமிடம் கழித்து மறுபடி இசை,
நாட்டில் எதுவும் நடக்காதது போல.

பிறையிலிருந்து பாலம் ஏறி
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வரை
நாற்பது நிமிடம். நெரிசல் என்றால் ஒன்றே கால் மணி.
பக்கத்து சீட்டில் தனபாக்கியம்.
முதல் வாரமே கேட்டாள்:
"என்னா இது, ஆளில்லாம பாட்டு ஓடுது?"
அடுத்த வாரம் அவளே பாட ஆரம்பித்துவிட்டாள்.

நல்ல குரல் என்று சொல்ல முடியாது.
சரணத்தில் வரிகள் இடம் மாறும்,
தெரியாத இடத்தில் எங்கள் சூப்பர்வைசர் பெயரைப் போட்டு நிரப்புவாள்.
பாலத்தின் நடு மேட்டில், கீழே கப்பல்கள் நிற்க,
உச்சத்துக்கு எட்டாமல்
இருமி, சிரித்து, தண்ணீர் குடித்து
விட்ட இடத்துக்கு நாலு வரி தள்ளிப் போய்ப் பிடிப்பாள்.

இருந்தாலும் எனக்கு உறுத்தல்.
பன்னிரண்டு மணி நேரம் சர்க்யூட் போர்டு சோதிக்கிறவள் நான்.
என் வண்டியிலேயே ஒரு பழுது என்றால்?

கடைக்கார டியோ எதையும் திறந்து பார்க்கவில்லை.
"ஸ்பீக்கர் போச்சு தங்கச்சி,
புது செட், முந்நூற்றெண்பது வெள்ளி."

விடுப்பு நாள். ஃப்ளாட்டுக்குக் கீழே, மழை வருமுன்
கதவு அட்டையைக் கழற்றினேன்.
ஒன்றரை வோல்ட் பேட்டரியை முனைகளில் தொட்டேன்:
டொக்.
அந்தப் பக்கமும் டொக்.
மீட்டரில் நான்கு ஓம், இன்னொன்றில் மூன்று புள்ளி எட்டு.
இரண்டுக்கும் உயிர் இருக்கிறது.
பேலன்ஸை ஒரு பக்கம் கடைசிவரை திருகினேன்.
எங்கிருந்தோ, மூக்கடைத்த மாதிரி, பாடகி வந்தாள்.
நடுவுக்குத் திருப்பினேன், போய்விட்டாள்.

அங்கேதான் பிடிபட்டது.
பழைய காலத்து வயரிங்.
இரண்டு ஸ்பீக்கருக்கும் போகிற வழி தனித்தனி,
திரும்புகிற வழி ஒன்றே ஒன்று, கறுப்பு வயர்.
அது விட்டுப்போனால்
இடத்துக்கும் வலத்துக்கும் பொதுவாக இருப்பது எதுவோ
அது எதிரெதிரே தள்ளிக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.
வேறுபடுவது மட்டும் காதுக்கு வரும்.
பாடகியை எப்போதும் நடுவில்தான் நிறுத்துகிறார்கள்.
செய்தி வாசிப்பவரையும்.

பெடலுக்குப் பக்கத்தில், கம்பளத்துக்கு அடியில்
பச்சை பூத்த ஒரு போல்ட்டு.
எனக்கு முந்திய யாரோ சுற்றிவிட்ட பிளாஸ்டர்,
இருபது காசு, ஒரு குழந்தையின் கொண்டை ஊசி.
உப்புத்தாள் வைத்துத் தேய்த்து
புது முனை போட்டு முறுக்கினேன்.
மழை பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை பாலத்தில் ஏறும்போது
பாடகி வந்து உட்கார்ந்தாள்
முன்கண்ணாடிக்கும் எங்களுக்கும் நட்டநடுவில்,
ஒரு பிசிறு இல்லாமல்.
"அட, சரி பண்ணிட்டியா!" என்றாள் தனம்.
ஒரு வரி கூடவே பாடினாள்.
பிறகு கைப்பேசியை எடுத்து
மாமியாரின் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.
செவ்வாயும் அப்படித்தான். புதனும்.
செய்தி இப்போது தெளிவாக வந்தது:
டீசல் விலை, கெடாவில் வெள்ளம்,
எங்கள் வட்டாரத்தில் ஆட்குறைப்பு.

வியாழன் மாலை ஹார்ட்வேர் கடையில்
ஒரு சின்ன சுவிட்ச், இரண்டு வெள்ளி எண்பது காசு.
கறுப்பு வயரை நறுக்கி நடுவில் வைத்தேன்,
ஸ்டீயரிங்குக்குக் கீழே, என் முட்டி படுகிற இடத்தில்.

மறுநாள் டோலைத் தாண்டியதும் முட்டியை அசைத்தேன்.
"மறுபடி போச்சா?"
"பழைய வண்டி" என்றேன்.

கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.
தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மடக்கு.
தொண்டையைச் செருமிக்கொண்டாள்.